தாய்வீட்டுக் கதவைச் சுரண்டுவதற்கு முன்

மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குரியது. வாவியின் இரு கரையிலும், எழுவானிலும் படுவானிலும், தமிழரிடத்திலும் முஸ்லிம்களிடத்திலும் மகள் கலியாணம் கட்டும்போது அவளுக்கு ஒரு வீடும் வளவும் கொடுப்பது பெற்றோர் தலைமேல் சுமக்கும் கடமை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து சேர்வார். தாயும் தகப்பனும் சில காலத்தில் பின்வளவில் சின்னதாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஒதுங்குவார்கள், அல்லது அடுத்த மகளுக்கென்று இன்னோர் அத்திவாரம் வெட்டுவார்கள். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றிலே தங்கி இந்த வழக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2008 இல் ஒரு பெரிய நூலே எழுதினார். பெண்ணுக்கு இவ்வளவு பாதுகாப்புத் தரும் சொத்துமுறை உலகில் அதிகம் இல்லை.

அந்த வழக்கத்துக்குள்ளே ஒரு சுகாதாரப் பிரச்சினையும் இருக்கிறது. கலியாணத்துக்கு அவசர அவசரமாக மண்டபமும் முன்விறாந்தையும் பூசிப் பெயின்ட் அடித்து முடிப்பார்கள். அறைகளையும் குசினியையும் கையில் காசு வரும்போது பார்ப்போம் என்று விடுவார்கள். பல வீடுகளில் அந்தக் காசு வரும் மாதங்களும் மகள் பிள்ளைத்தாய்ச்சியாக இருக்கும் மாதங்களும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. "பிள்ளை வரப்போகுது, கதவு ஜன்னலையெல்லாம் ஒருக்காச் சுரண்டி அடிச்சுப்போடுவம்" என்று வீட்டில் எல்லோரும் ஆசையோடுதான் சொல்கிறார்கள். தாய் வாழ்ந்து, பாட்டி வாழ்ந்து கைமாறி வந்த வீடென்றால் அந்தக் கதவுகளில் மூன்று தலைமுறைப் பெயின்ட் படிந்திருக்கும்.

கிளினிக்கில் குடும்பநல மாதிடம் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் மணத்தைப் பற்றியது. பெயின்ட் மணம் பிள்ளைக்குக் கூடாதா, தலை சுற்றினால் என்ன செய்வது, எத்தனை நாள் விலகி இருக்க வேண்டும்? நியாயமான கேள்விகள்தான். ஆனால் பயம் சரியான இடத்தில் இல்லை. வீட்டுச் சுவருக்கு இப்போது அடிக்கப்படும் தண்ணீரில் கரையும் எமல்ஷன் பெயின்டின் மணம் பற்றி ஆய்வுகள் சொல்வது ஓரளவு ஆறுதலானது. பல பத்தாயிரம் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த டென்மார்க்கின் தேசியத் திட்டமொன்றின் தரவுகளை எடுத்து 19,000 தாய்மாரைப் பற்றி 2010 இல் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 45 சதவீதமானோர் கர்ப்ப காலத்தில் தம் வீட்டில் பெயின்ட் மணத்தைச் சுவாசித்தவர்கள். அதனால் அவர்களின் குழந்தைகள் எடை குறைந்து பிறந்ததாக ஆய்வு காணவில்லை. அதே தரவுகளிலிருந்து 2012 இல் வந்த இன்னோர் ஆய்வு, முதல் மூன்று மாதத்தில் மணத்துக்கு ஆட்பட்டவர்களின் குழந்தைகளிடத்தில் சில வகைப் பிறவிக் குறைபாடுகள் சற்றுக் கூடியிருக்கலாம் என்று சந்தேகம் எழுப்பியது. எண்ணிக்கை மிகச் சிறியது என்பதால் முடிவாக எதையும் சொல்லவில்லை.

பிரித்தானியத் தேசிய சுகாதார சேவையின் ஆலோசனையும் இதையொட்டியதே: இன்றைய வீட்டுப் பெயின்ட்களால் வரும் ஆபத்து மிகக் குறைவு, இருந்தாலும் குழந்தையின் உறுப்புகள் உருவாகும் முதல் மூன்று மாதம் கடக்கட்டும், ஜன்னலைத் திறந்து வையுங்கள், தின்னரில் கரையும் பெயின்ட்டைத் தவிருங்கள். தின்னர் பற்றிய எச்சரிக்கை நம் ஊருக்கு இரட்டிப்பாகப் பொருந்தும். கதவு, கிரில், படலை என்று மரத்திலும் இரும்பிலும் அடிப்பது எனமல். கடலும் வாவியும் இரு பக்கம் நிற்கும் கல்லடியிலும் காத்தான்குடியிலும் உப்புக்காற்று இரும்பைத் தின்கிறது. கிரிலுக்குச் சில வருடத்துக்கு ஒரு தடவை எனமல் அடிக்காமல் முடியாது. எனமலைக் கலக்கும் தின்னர்களில் பெரும்பாலும் இருக்கும் தொலுயீன், போதைக்காக அதை முகர்ந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு மூளை வளர்ச்சியிலும் முக அமைப்பிலும் குறைபாட்டை ஏற்படுத்தியது மருத்துவப் பதிவுகளில் உண்டு. ஒருநாள் வீட்டில் கதவடிப்பதை அந்த அளவுடன் ஒப்பிட முடியாது. ஆனால் வாடைக்கால மழைக்குப் பயந்து ஜன்னலெல்லாம் சாத்திய அறைக்குள் எனமல் காயும்போது கர்ப்பிணி அங்கே படுத்துறங்க எந்த நியாயமும் இல்லை. பெயின்ட் வேலைக்குக் கச்சான் காற்று வீசும் மாதங்களே ஏற்றவை. அப்போது சுவரும் காயும், மணமும் நிற்காது.

மணம் மூக்குக்குத் தெரியும். தெரிவதனால் ஆள் எழுந்து வெளியே போய்விடலாம். மூக்குக்குத் தெரியாத ஒன்று அந்த வேலையின் முதல் நாளிலேயே, பெயின்ட் டின்னைத் திறப்பதற்கு முன்பே வீட்டுக்குள் பரவிவிடுகிறது. பழைய எனமலை சாண்ட் பேப்பரால் உரசும்போது பறக்கும் தூசியும் அதிலுள்ள ஈயமும்தான் அது.

ஈயம் பெயின்டுக்குள் வந்தது நல்ல குணங்களுக்காக. ஈய வெள்ளை சுவரை நன்றாக மூடும், வெயிலைத் தாங்கும். ஈயக் குரோமேட் பளிச்சென்ற மஞ்சளையும் செம்மஞ்சளையும் தரும். அதனோடு நீலத்தைச் சேர்த்தால் பச்சை. செவ்வீயம் இரும்பைத் துருவிலிருந்து காக்கும். (இன்று கிரிலுக்கு முதல் பூச்சாக அடிக்கும் ரெட் ஒக்சைட் இரும்பிலிருந்து வருவது, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.) பெயின்ட் விரைவில் காய்வதற்கும் ஈயச் சேர்மங்களைக் கலந்தார்கள். பழைய மஞ்சள் ஜன்னல், பச்சைக் கதவு, சிவப்புப் படலை ஆகியவற்றில்தான் ஈயம் கூடுதலாக இருக்க வாய்ப்பு.

இந்த ஈயத்தின் கேட்டைக் கண்டுபிடித்த கதையும் ஒரு விறாந்தையில்தான் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் கண் மருத்துவர் லொக்ஹார்ட் கிப்சன் தன்னிடம் வந்த குழந்தைகளின் கண்பார்வைக் கோளாறு ஈய நஞ்சால் வந்தது என்று உணர்ந்து, அந்த ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடினார். 1904 இல் விடையை எழுதினார்: வெயிலில் பொடியாகிப்போன விறாந்தைக் கைப்பிடிப் பெயின்ட். குழந்தைகள் கம்பியைப் பிடித்து விளையாடி, விரலை வாயில் வைத்தார்கள். வெயிலும் விறாந்தையும் வாழ்க்கையும் நம்முடையதைப் போன்றே அமைந்த ஊர் அது. குழந்தைகளின் கைக்கெட்டும் இடங்களில் ஈயப் பெயின்ட் கூடாதென்று குயின்ஸ்லாந்து மாநிலம் சட்டம் போட்டது 1922 இல். அதற்கு ஓராண்டு முன்பே, 1921 இல், சர்வதேச தொழில் அமைப்பு ஈய வெள்ளை பற்றி ஒரு சமவாயம் கொண்டுவந்து, அதைக் கையாளும் பெயின்ட் வேலையில் பெண்களைச் சேர்க்கக்கூடாதென்று விதித்தது. பெண்ணின் வயிற்றுக்கும் இந்த உலோகத்துக்கும் பகை என்பது நூறு வருடத்துக்கு முன்பே அரசுகளுக்குத் தெரிந்திருந்தது.

இலங்கைக்கு அந்த அறிவு சட்டமாக வந்து சேர 2013 ஆனது. சுற்றாடல் நீதி மையம் என்ற அமைப்பு கடைகளில் விற்ற எனமல்களை வாங்கிச் சோதித்து, பலவற்றில் ஈயம் மிக அதிகம் என்று காட்டி, உச்ச நீதிமன்றம்வரை போனது. அதன் பின்னரே நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை 2011 இல் கட்டுப்பாட்டை வர்த்தமானியில் வெளியிட்டது. 2013 ஜனவரி முதலாம் திகதி அது நடைமுறைக்கு வந்தது. எனமலில் பத்து லட்சம் பங்குக்கு 600 பங்கும் எமல்ஷனில் 90 பங்கும் உச்ச வரம்பு என்றது. இந்தியா 2017 நவம்பரிலிருந்து எல்லா வீட்டுப் பெயின்டுக்கும் 90 பங்கு என்று வைத்தது. ஒழுங்குவிதி வந்த பின்னர் 2015 இல் மீண்டும் சோதித்தபோதும் வரம்பு தாண்டிய எனமல்கள் இலங்கைக் கடைகளில் கிடைத்தன. சட்டம் காகிதத்திலே இருக்கிறது. ஊருக்கு ஊர் ஹார்ட்வெயார் தட்டில் இருக்கும் மலிவுப் பெயின்ட் டின்னை எடுத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்புவது யார் என்பதே கேள்வி.

2013 என்ற ஆண்டை மட்டக்களப்பு மக்கள் தங்கள் வீட்டு வயதோடு வைத்துப் பார்க்க வேண்டும். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்து நாவலடியையும் கல்லடியையும் துடைத்துக்கொண்டு போன பிறகு எழுந்த வீடுகளில் பெரும்பாலானவை இந்த ஆண்டுக்கு முந்தியவை. போர் ஓய்ந்த கையோடு படுவான்கரையில் மீள்குடியேறியவர்களுக்குக் கட்டிக்கொடுத்த வீடுகளில் பெரும்பகுதியும் அப்படியே. வரம்பே இல்லாத காலத்து எனமல் அவற்றின் கதவிலும் ஜன்னலிலும் இருக்கிறது. சுனாமியின்போது தாயின் இடுப்பில் இருந்த பெண்பிள்ளை இன்று தாயாகும் வயதில் நிற்கிறாள். அந்த வீடுதான் அவளுக்குச் சீதனம். இருபது வருட வெயிலிலும் உப்பிலும் உரிந்துபோன அந்தக் கதவைத்தான் அவளுடைய ஏழாம் மாதத்தில் சுரண்டுகிறார்கள்.

கணக்கு எளிமையானது. ஒரு பழைய எனமலின் எடையில் வெறும் ஒரு சதவீதம் ஈயம் என்று வைத்துக்கொண்டாலும் ஒரு கிராம் தூசியில் 10,000 மைக்ரோகிராம் ஈயம். குருதியில் ஒரு டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராம் இருந்தாலே மூலத்தைத் தேடி அகற்ற வேண்டும் என்கிறது உலக சுகாதார ஸ்தாபனம் 2021 இல் வெளியிட்ட வழிகாட்டி. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பதும் அந்த ஸ்தாபனத்தின் நிலைப்பாடு. கருச்சிதைவு, குறைமாதப் பிறப்பு, எடைக்குறைவு, கர்ப்ப கால உயர் குருதி அழுத்தம் ஆகியவற்றுக்கும் ஈயத்துக்கும் தொடர்பு உண்டு. பிறந்த பிள்ளையின் மூளைக்கு வரும் இழப்பு பிறகு மருந்தால் திரும்பாது. நியூயோர்க் மாநிலம் 2006, 2007 ஆம் ஆண்டுகளில் குருதியில் ஈயம் கூடிய குழந்தைகள் 972 பேரின் காரணத்தை விசாரித்தபோது 139 பேருக்கு, அதாவது ஏழில் ஒருவருக்கு, வீட்டைத் திருத்திப் பெயின்ட் அடித்த வேலையே காரணம் என்று தெரிந்தது. வீட்டை அழகாக்க நினைத்தவர்களின் பிள்ளைகள் அவர்கள்.

ஈயத்தின் இன்னொரு குணம் கர்ப்பிணியோடு நேரே சம்பந்தப்பட்டது. உடலுக்கு அது கல்சியம் போலத் தோன்றுவதால் எலும்புக்குள் போய்த் தங்கிவிடும். பல பத்தாண்டுகள் அங்கேயே கிடக்கும். கர்ப்பத்தில் குழந்தையின் எலும்புக்காகத் தாயின் எலும்பிலிருந்து கல்சியம் கரைந்து வரும்போது அந்தப் பழைய ஈயமும் கூடவே கரைந்து குருதிக்கு வந்து, நச்சுக்கொடி வழியாகக் குழந்தையை அடைகிறது. சிறுமியாக இருந்தபோது உரிந்த விறாந்தையில் தவழ்ந்தவளின் உடலில் அன்று புகுந்தது இருபத்தைந்து வயதில் அவள் பிள்ளைக்குப் போகும். மட்டக்களப்பில் தாய் மகளுக்குக் கொடுப்பவற்றில் வீட்டோடு இதுவும் சேர்ந்துவிடக் கூடாது.

இதனால்தான் கிளினிக்கில் தரும் கல்சியம் குளிசையையும் இரும்புச்சத்துக் குளிசையையும் வாந்தி வருகிறது, வயிறு இறுகுகிறது என்று அலுமாரியில் போட்டு வைப்பது வருத்தம் தருகிறது. கல்சியமும் இரும்பும் குறைந்த உடல் ஈயத்தை அதிகமாக உறிஞ்சும். குருதியில் ஈயம் டெசிலீற்றருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ இருந்து, உணவிலும் கல்சியம் போதாத கர்ப்பிணிக்குக் கல்சியம் கொடுக்கச் சொல்கிறது அதே 2021 வழிகாட்டி. வாவி மீனும் நெத்தலிக் கருவாடும் முருங்கையிலையும் இங்கே மலிவாகக் கிடைப்பது நம் பாக்கியம்.

இனி, வேலை நடக்கும் விதம். பெயின்டர் காலையில் வந்து கதவுகளைக் கழற்றி விறாந்தையில் சாய்த்து உரசத் தொடங்குவார். மெல்லிய மாவு போன்ற தூசி பாயிலும் தண்ணீர்ப் பானையிலும் கொடியில் காயும் துணியிலும் படியும். மாலையில் வேலை முடிந்து அவர் போன பிறகு தும்புத்தடியை எடுத்துக் கூட்டுவது யார்? பல வீடுகளில் வயிற்றுப் பிள்ளையோடு நிற்கும் அந்த மகள்தான். பாரமான வேலை ஒன்றுமில்லையே, கூட்டுவதுதானே என்று எல்லோரும் நினைப்பார்கள். உலர்ந்த தூசியைக் கூட்டினால் அது மறுபடி எழும்பி மூச்சுக்குள் போகும். ஈரத்துணியால் ஒற்றித் துடைப்பதே முறை, அதையும் கர்ப்பிணி அல்லாத ஒருவர் செய்ய வேண்டும். உரசுவதற்கு முன் கதவில் தண்ணீர் தெளித்து ஈரமாகவே தேய்த்தால் தூசி பறக்காது. வளவின் ஓரத்தில், கிணற்றுக்கு எட்டத்தில், கீழே பொலித்தீன் விரித்துச் செய்துவிட்டால் சுருட்டி அகற்றவும் இலகு. உரியாமல் இறுகப் பிடித்திருக்கும் பழைய பெயின்டைச் சுரண்டவே தேவையில்லை. அதன் மேலேயே புதிதை அடித்து மூடுவது நல்லது. காஸ் சுவாலை பிடித்துப் பழைய பெயின்டை உருக்கி எடுப்பது எந்தச் சூழ்நிலையிலும் கூடாது. அந்தச் சூட்டில் ஈயமே ஆவியாகக் கிளம்பும்.

கழற்றிப் போட்ட பழைய ஜன்னல் நிலைகளையும் உழுத்த கதவுப் பலகைகளையும் கொத்தி விறகாகக் குசினிக்குள் கொண்டுபோகும் பழக்கமும் உண்டு. இது எல்லாவற்றையும்விட மோசமானது. பெயின்ட் அடித்த மரத்தை அடுப்பில் வைத்தால் ஈயம் புகையிலும் சாம்பலிலும் சேர்கிறது. அந்தச் சாம்பல் பாத்திரம் விளக்கவும் கீரைப் பாத்திக்கும் போகிறது. ஒரு பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் இதை ஒருநாளும் அனுமதிக்கக் கூடாது.

பெயின்டருக்கும் ஒரு வீடு இருக்கிறது என்பதை வேலை கொடுப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஆறு நாளும் உரசிய தூசியை உடுப்பிலும் தலைமுடியிலும் சுமந்துகொண்டு அவர் வீடு திரும்புகிறார். அந்தச் சட்டையை உதறித் துவைப்பது அவர் மனைவி. அவளும் கர்ப்பிணியாக இருக்கலாம். பெண்களைப் பெயின்ட் வேலையிலிருந்து விலக்கிய 1921 ஆம் ஆண்டுச் சமவாயத்தால் வீட்டுக்கு வந்த சட்டையை விலக்க முடியவில்லை. கூலியோடு ஒரு நல்ல முகக்கவசத்தையும், வேலை முடிந்ததும் கைகால் முகம் கழுவ சவர்க்காரமும் தண்ணீரும், உடுப்பு மாற்ற ஓர் இடமும் வீட்டுக்காரர் கொடுப்பது உபகாரமல்ல, கடமை. தின்னராலும் மண்ணெண்ணெயாலும் கை கழுவும் பழக்கத்தையும் நிறுத்தச் சொல்ல வேண்டும். தோல் வழியாகவும் அது உள்ளே போகும்.

அரசு செய்யக்கூடியது அதிகம், செலவோ கொஞ்சம். இலங்கையின் தாய் சேய் சேவை உலகம் மெச்சும் ஒன்று. தாயிலிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை இல்லாதொழித்த நாடு என்று 2019 இல் உலக சுகாதார ஸ்தாபனம் சான்று கொடுத்தது. கொக்கட்டிச்சோலையிலும் வாகரையிலும் வெயிலில் வீடு வீடாகப் போகும் குடும்பநல மாதர்களின் உழைப்பில்லாமல் அந்தச் சான்று வந்திருக்காது. அவர்கள் கர்ப்பிணியின் வீட்டுக்குள் போய்க் கிணற்றையும் மலசலகூடத்தையும் படுக்கையையும் பார்க்கிறவர்கள். இன்னும் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேட்கலாம்: இந்த வீட்டில் ஏதாவது சுரண்டி அடிக்கப் போகிறீர்களா? கேள்வி முதல் வருகையிலேயே வர வேண்டும். ஏழாம் மாதத்தில் கேட்டுப் பயனில்லை.

ஒரு கேள்வியாலும், அதோடு ஒரு குருதிச் சோதனையாலும் என்ன ஆகும் என்று நினைப்பவர்களுக்குப் பங்களாதேஷ் பதில் சொல்கிறது. அங்கே கிராமத்துக் கர்ப்பிணிகளின் குருதியில் ஈயம் கூடியிருப்பதைக் கண்டு மூலத்தைத் தேடியபோது, மஞ்சள்தூளுக்கு நிறம் ஏற்ற வியாபாரிகள் கலந்த ஈயக் குரோமேட் என்று 2019 இல் தெரியவந்தது. பழைய ஜன்னல்களுக்கு மஞ்சள் தந்த அதே பொருள். அரசு சந்தைகளில் சோதனை நடத்தி அபராதம் விதித்தது, பத்திரிகைகள் எழுதின. 2019 இல் சோதித்த மஞ்சள் மாதிரிகளில் 47 சதவீதத்தில் இருந்த ஈயம் 2021 இல் ஒன்றில்கூட இல்லை. இரண்டே வருடம். தொடக்கம் கர்ப்பிணிகளின் குருதிச் சோதனை.

வந்தாறுமூலையிலே கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது, நகரில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. சுனாமி வீட்டுத் திட்டமொன்றில் நூறு கதவுகளின் பெயின்டையும், விரும்பிக் கொடுக்கும் தாய்மாரின் குருதியையும் சோதித்துப் பார்க்க இவை இரண்டும் கைகோத்தால் போதும். நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை விலைப்பட்டியல் பார்க்க வரும் கடைகளில் எனமல் டின்னையும் எடுத்துச் செல்லட்டும். பாலர் பாடசாலைகளின் சிவப்பு மஞ்சள் ஊஞ்சல்களுக்குப் பிரதேச சபைகள் பெயின்ட் வாங்கும்போது கேள்விப்பத்திரத்தில் 90 பங்கு வரம்பை எழுதட்டும்.

வீட்டார் தங்கள் பங்குக்குக் கலியாணத்துக்கு முன்பே சுரண்டும் வேலையை முடித்துவிடலாம். பணம் போதவில்லையா, சுவருக்கு எமல்ஷன் அடிப்பதைப் பின்தள்ளிவிட்டு, கதவையும் ஜன்னலையும் முதலில் செய்யுங்கள். அதற்குள் பிள்ளை தங்கிவிட்டதென்றால் அந்த வேலை பிள்ளை பிறந்து தவழ்ந்து முடியும்வரை நிற்கட்டும். அதுவரை உரிந்த இடங்களை ஈரத்துணியால் துடைத்து வையுங்கள். நிறுத்தவே முடியாத அவசரமென்றால் மகளைப் பெரியம்மா வீட்டுக்கோ மாமி வீட்டுக்கோ அனுப்பிவிட்டுத் தொடங்குங்கள். உரசல் முடிந்து, தரை இரண்டு தடவை ஈரத்தால் துடைத்து, எனமல் மணம் போன பிறகு கூட்டி வரலாம். தொட்டில் கட்டும் அறைக்கு எந்த நிறம் என்று அவள் அங்கிருந்தே சொல்லட்டும்.